மாதம் ஒரு சொல்: ராசி



சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி இடைவேளையில், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் திடலில் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் சட்டையில் பொத்தான் இல்லை. மற்றவன் முழங்கையில் தோல் இல்லை. இருவரையும் அலுவலக வாசலில் நிற்க வைத்துவிட்டு, மருந்து எடுத்துவர உள்ளே போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"என்னடா இது?" என்றேன்.

"நாங்க ராசியாயிட்டோம் டீச்சர்!"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி உடனே கேட்டாள்: "டீச்சர், எங்கம்மாவுக்குக் கன்னி ராசி, எனக்கு மேஷ ராசி. ராசியாவுறதுன்னா என்ன டீச்சர்?"

நல்ல கேள்வி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாமெல்லாம் நாள்தோறும் புழங்குகின்ற சொல்தான். ஆனால் பொருள் கேட்டால் சற்றே விழிப்போம். அன்று வகுப்பில் பாதி விடைதான் சொன்னேன். மீதி விடை பெரியவர்களுக்கு உரியது. அதனால் அதை இந்தப் பக்கத்துக்கு என்று எடுத்து வைத்தேன்.

ராசி என்பது ஒரு சொல் அன்று. ஒலியில் ஒன்றாகிவிட்ட இரண்டு சொற்கள். நாட்காட்டியில் மேஷம், ரிஷபம் என்று வருகின்ற ராசி வடமொழியிலிருந்து வந்தது. குவியல், கூட்டம் என்பது அதன் மூலப் பொருள். வானத்து விண்மீன் கூட்டத்தைக் குறித்து, பிறகு பிறந்த நேரத்தைக் குறித்து, கடைசியில் அதிர்ஷ்டத்தையும் குறிக்கலாயிற்று. "அந்தப் பாட்டிக்குக் கைராசி, நட்டதெல்லாம் காய்க்கும்" என்கிறோமே, அது இந்த ராசி.

சண்டை தீர்ந்து சேர்ந்துகொள்வதைச் சொல்லும் ராசி வேறு. அதன் பிறந்த வீடு அரபு மொழி. மனம் ஒப்பியவன், உளம் நிறைந்தவன் என்று பொருள். அது பாரசீகத்திலும் உருதுவிலும் புகுந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்தபோது ராஜி என்றும் ராசி என்றும் ஆயிற்று. மலாய்க்காரர்கள் ரமடான் என்பதைத் தமிழ்நாட்டில் ரம்ஜான் என்கிறார்கள் அல்லவா? அதே எழுத்து மாற்றம்தான் இங்கேயும் நடந்திருக்கிறது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே காட்டுகின்றது.

அரபுச் சொல் நம் பாட்டிமார் வாய்க்கு எப்படி வந்தது? ஆட்சியும் கச்சேரியும் கொண்டு வந்தன. 18ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பெரும் பகுதியை ஆர்க்காட்டு நவாபுகள் ஆண்டார்கள். அவர்கள் அலுவல் மொழி பாரசீகம். அவர்களுக்குப் பின் வந்த கும்பினி ஆட்சியும் பழைய சொற்களையே வைத்துக்கொண்டது. வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா, பாக்கி எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1816ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கிராம முன்சீபுகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் சிறு வழக்குகளைக் கேட்கும் அதிகாரம் சட்டமாகவே கொடுக்கப்பட்டது. ஆகவே கச்சேரிப் பேச்சு களத்துமேட்டுக்கும் வந்து சேர்ந்தது. வழக்காடிய இருவரும் "நாங்கள் மனம் ஒத்துப்போனோம்" என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு ராஜிநாமா என்று பெயர். நாமா என்றால் எழுத்து, பத்திரம். பால்மரம் வெட்ட நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியபோது, சட்டிபானையோடு இந்தச் சொற்களும் ஏறி வந்தன.

இங்கே வந்து பார்த்தால், அதே அரபு வீட்டுப் பிள்ளைகள் மலாய் மொழியிலும் குடியிருக்கின்றன. கடைக்காரர் மீதிச் சில்லறையைப் பாக்கி என்கிறார்; மலாய்க்காரரும் பாக்கி என்கிறார். நமக்கு வக்கீல் வழக்கறிஞர். அவர்களுக்கு வாக்கில் என்றால் பிரதிநிதி. நம் ராசிக்கும் அங்கே உடன்பிறப்பு உண்டு. ரெலா என்ற சொல்தான் அது. மனம் விரும்பி இசைவது என்று பொருள். பள்ளிப் பிள்ளைகள் தொண்டூழியத்தைச் சுக்காரெலா என்கிறார்களே, அதில் இருப்பதும், 1972இல் தொடங்கிய ரேலா தொண்டர் படையின் பெயரில் இருப்பதும் அதே ரெலாதான். நம் ராசியும் அவர்கள் ரெலாவும் ஒரே அரபு வேரில் கிளைத்தவை.

நம் நெகிரி செம்பிலானுக்கு இதில் தனிப் பொருத்தமும் உண்டு. இங்கே மலாய்க் கிராமங்களில் அடாட் பெர்பாத்தே என்னும் மரபு இன்றும் இருக்கின்றது. ஒரு குடும்பத்தில் பூசல் என்றால் முதலில் புவாபா என்னும் குடும்பப் பெரியவரிடம் போகும். அங்கே தீராவிட்டால் லெம்பாகாவிடமும், பிறகு உண்டாங்கிடமும் போகும். அந்த மரபில் பெரிதாக மதிக்கப்படுவது முவாஃபாக்காட், அதாவது எல்லாரும் ஒருமனப்படுதல். பக்கத்துக் கிராமமும் பக்கத்துத் தோட்டமும் வேறு வேறு வழியில் வந்து ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது அல்லவா?

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம், சிறிய பாடம்தான்.

பஞ்சாயத்து வைத்தார்கள். தீர்ப்புச் சொன்னார்கள். அபராதம் போட்டார்கள். இம்மூன்றிலும் வினை செய்கின்றவர் தலைவர். சண்டை போட்டவர்கள் கை கட்டி நிற்கின்றவர்கள். ஆனால் "தலைவர் ராசியானார்" என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். "அவர்கள் ராசியானார்கள்" என்போம். ராசி என்ற சொல்லுக்கு எழுவாய் சண்டை போட்டவர்களே. தலைவர் எத்தனை பெரியவரானாலும் "ராசி பண்ணி வைத்தார்" என்ற அளவுக்குத்தான் வரலாம். அதாவது பாயை விரிக்கலாம்; வந்து உட்கார வேண்டியவர்கள் அந்த இருவரும்தான்.

இதை நான் இலக்கண நூலில் கற்கவில்லை. ஒரு வெள்ளாட்டிடம் கற்றேன்.

நான் நான்காம் வகுப்பில் படித்த காலம். எங்கள் லயத்தில் அண்ணன் வீடும் தம்பி வீடும் அடுத்தடுத்து இருந்தன. அண்ணன் வீட்டு ஆடு தம்பி வீட்டுப் பின்கட்டில் புகுந்து, பயற்றங்கொடியையும் கத்தரிச் செடியையும் மேய்ந்துவிட்டது. தம்பி ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டார். பேச்சு முற்றியது. மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடிற்று. தட்டில் வெற்றிலை பாக்கு, நடுவில் காஸ் விளக்கு, பெண்கள் எல்லாம் தூரத்தில். அண்ணனுக்கு 30 வெள்ளி அபராதம். அப்போது அது சிறிய பணம் அன்று. அண்ணன் பணத்தைத் தட்டில் போடவில்லை. தம்பி காலடியில் எறிந்தார். "என் ஆடு தின்ன காய்க்கு விலை. இனி எனக்குத் தம்பி இல்லை" என்றார்.

தீர்ப்புத் தவறா? இல்லை. ஆடு மேய்ந்தது உண்மை. அபராதமும் அளவானதுதான். ஆனால் பல ஆண்டுகள் அந்த இரண்டு வீடும் பேசவில்லை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் குழந்தை இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வெட்டுக்காட்டுக்குப் போய்விட்டார்.

முடிச்சை அவிழ்த்தது பஞ்சாயத்து அன்று; ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் தூளியில் ஆட்டி வளர்த்த ஒரு கிழவி. அவர் ஒரு நாள் தம்பி வீட்டுக்குப் போய், "யார் மேல தப்புன்னு நான் கேக்க வரல. உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார். "அண்ணன் எங்க வீட்டுல ஒருவேளை சோறு திங்கணும் ஆயா. அவ்வளவுதான்" என்றாராம் தம்பி. அண்ணனிடமும் போய் அதையே கேட்டார். "அன்னிக்கு ஊரு முன்னால ‘ஏய்’னு கூப்பிட்டான். அதே ஊரு முன்னால அண்ணேன்னு கூப்பிடச் சொல்லு" என்றாராம் அவர். அடுத்த திருவிழாவில் அன்னதானத்தின்போது தம்பி எழுந்து நின்று, "அண்ணே, வீட்டுல வந்து சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். அப்போது நான் படிவம் ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன். "ராசியாயிட்டாங்க, ராசியாயிட்டாங்க" என்று லயம் முழுவதும் ஓடிய பேச்சு இன்றைக்கும் காதில் இருக்கின்றது.

சங்க காலத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டான். உள்ளே கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி இருந்தான். இருவருமே சோழர்கள். அவர்களைப் பார்த்துக் கோவூர் கிழார் பாடியது புறநானூற்றில் 45ஆம் பாடலாக இருக்கின்றது. உங்களில் எவனும் சேரனும் இல்லை, பாண்டியனும் இல்லை. இருவர் கண்ணியும் ஒரே ஆத்திதான். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்பது அதன் கருத்து. எங்கள் ஆயா அந்தப் பாட்டைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆயினும் வழி ஒன்றுதான்.

இதுவரை இனிப்பாகச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது கசப்பு.

அதே லயத்தில் கடைசி வீட்டில் ஒரு அக்காள் இருந்தார். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். அக்காள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாய் வீட்டுக்கு ஓடுவார். பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். "புள்ளைங்க முகத்தைப் பாரு. ராசியாப் போம்மா" என்பார்கள். அவரும் போவார். இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாம் முறை அனுப்பியபோது அவர் வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டினார். அதை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவராய்த் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் மரம் வெட்டவே இல்லை.

அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. குடும்பம் கலையக்கூடாது என்று நினைத்தவர்கள். அவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அதனால்தான் இத்தனை ஆண்டு கழித்து எழுதுகின்றேன். அவர்கள் சொன்ன சொல் ராசி. ஆனால் நடந்தது ராசி அன்று. மனம் ஒப்பியவள் என்பது அந்தச் சொல்லின் பொருள். ஒப்பாத ஒருத்தியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அதற்கு ராசி என்று பெயர் வைத்தால், சொல்லையும் கெடுத்தோம், அவளையும் கெடுத்தோம்.

இன்றைக்கு இந்நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கின்றது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2018 முதல் சமூக நல அதிகாரியே 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அடி வாங்கியவளை அடித்தவனோடு உட்கார வைத்து ராசி பேசுவது நம் வேலை அன்று. முதலில் அவள் பயமில்லாமல் தூங்க ஓர் இடம் பார்த்துக் கொடுப்பதே நம் வேலை.

இன்னொரு கசப்பும் உண்டு. அதுவும் இந்தச் சொல்லின் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது.

மேலே ராஜிநாமா என்றால் மனம் ஒத்துப்போனதற்கு எழுதும் பத்திரம் என்றேன். இன்று ராஜினாமா என்றால் என்ன? வேலையை விட்டு விலகும் கடிதம். பம்பாய் மாகாணத்தில் குடியானவன் தன் நிலத்தை மனமொப்பி விடும்போது எழுதிக் கொடுத்ததற்கும் ராஜிநாமா என்றே பெயர். நிலத்தை விடுவதற்கு எழுதிய பத்திரமும் வேலையை விடுவதற்கு எழுதும் கடிதமும் ஒரே பெயரில் அமைந்துவிட்டன. தெலுங்கில் இன்றும் ராஜீ என்றால் சமாதானம். ராஜீநாமா என்றால் விலகல் கடிதம். மலையாளத்தில் ‘ராஜி வைத்தான்’ என்றால் வேலையை விட்டான் என்று பொருள்.

என் மாமா ஒருவர் 24 ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தத் தோட்டம் விற்பனைக்கு வந்த நேரம். வீட்டைக் காலி செய்வது பற்றி ஆபீசில் தகராறு. ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "எதுக்கு வம்பு? ராசியாப் போயிடலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்களாம். நாற்காலி போட்டதே மாமாவுக்குப் பெரிய மரியாதை. போட்டுவிட்டு வந்தார். தாள் மலாயில் இருந்தது. நான் வாங்கிப் படித்தபோது அது விலகல் கடிதம்.

அது என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆள்குறைப்புச் செய்யப்படும் தொழிலாளிக்கு ஓராண்டு வேலை செய்திருந்தால் ஈட்டுத்தொகை உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்கு உட்பட்டிருந்தால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். தானாகவே விலகியவருக்கு இது கிடையாது. என் மாமாவுக்கு 24 ஆண்டுக்கு 480 நாள் சம்பளம். ஒரு கையெழுத்தில் போயிற்று. ராஜிநாமா என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்த ஒரு தாளில் வந்து உட்கார்ந்துகொண்டன. அவர் சமாதானம் என்று நினைத்துப் போட்டார். தாள் விலகல் என்று வாங்கிக்கொண்டது.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ "ராசியாப் போகலாம், கையெழுத்துப் போடு" என்றால், "தாளைக் கொடுங்கள், நாளைக்குக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதை வீட்டிலே படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள். சங்கத்தில் காட்டுங்கள், 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இன்றும் இருக்கின்றது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் படித்துச் சொல்கிறோம். காரணமின்றி வேலை நீக்கம் செய்தால், 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். 60 நாள் சீக்கிரம் ஓடிவிடும். உண்மையான ராசிக்கு அவசரம் கிடையாது. ஓர் இரவு பொறுக்கமுடியாத ராசியைச் சற்றே சந்தேகியுங்கள்.

இன்று நம்மில் பலர் லயத்தை விட்டு, சிரம்பானிலும் நீலாயிலும் பகாவிலும் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிவிட்டோம். கோயில் திண்ணை இல்லை, தலைவர் இல்லை, ஆயா இல்லை. மேல்வீட்டுத் தண்ணீர் கீழே ஒழுகினால் நேரே காவல் நிலையம். ஆனால் வழி அடைபடவில்லை. 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா உங்கள் பகுதியிலும் இருக்கக்கூடும். அண்டை அயலார் பூசலில் நடுவிருந்து பேசும் பொறுப்பை 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தந்திருக்கின்றது. அதே ஆண்டில் வந்த சமரசச் சட்டமும் ஒன்று உண்டு. இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே அதன்படி பேச்சு; பிடிக்காவிட்டால் இடையில் விலகலாம்; உடன்பாடு ஏற்பட்டால் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். குற்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது. எங்கள் ஆயா படிக்காமலே தெரிந்து வைத்திருந்ததைச் சட்டம் எழுதி வைத்திருக்கின்றது.

சரி, அந்த இரண்டு பையன்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே? மருந்து போட்டுக்கொண்டே, "யாருடா உங்களை ராசி பண்ணி வச்சது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல டீச்சர். அவன்கிட்ட பந்து இருக்கு. எனக்குத்தான் கோல் காவல் நிக்கத் தெரியும்" என்றான் ஒருவன்.

உங்கள் தோட்டத்தில் சண்டை தீர்ந்து சேர்வதற்கு வேறு ஏதும் சொல் வழங்கினால் எழுதி அனுப்புங்கள். வரும் மாதம் ‘கூட்டு’ என்ற சொல்லோடு சந்திப்போம். குழம்புக் கூட்டும் உண்டு, பணக் கூட்டும் உண்டு.

வணக்கம்.